வெர்னா சபோல் காலியாக வைத்திருந்த பக்கம்

வெர்னாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எல்லோரும் அவளுடைய அட்டைகளில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அவள் கைகளில் ஆரம்பிப்பேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கைகள், ஆம்பளைக் கை மாதிரி அகலம். பனிக்காலத்தில் ஒஹாயோ ஆற்றோர மேட்டில் அந்த மஞ்சள் பஸ்ஸை ஒரு தடவைகூட வழுக்க விடாமல் ஏற்றி இறக்கிய கைகள். அதே கை ஒரு பேஸ்பால் அட்டையை எடுக்கும்போது பார்க்க வேண்டும். வாணலியிலிருந்து சுடச்சுட பியரோகிக் கொழுக்கட்டையை எடுப்பது மாதிரி, இரண்டு விரல் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டு எடுப்பாள். மூலை மழுங்கிவிடக் கூடாது, முகத்தில் விரல் படக் கூடாது.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் சுவரைத் தட்டினால் காபி தயார் என்று அர்த்தம். நான் தட்டினால் ரேடியோவைக் குறை என்று அர்த்தம். அவள் குறைத்ததே இல்லை.

அட்டை சேர்க்கும் பைத்தியம் அவளுக்குப் பிறவியிலேயே இருந்ததல்ல. அது அவள் மகன் ரூடியின் சைக்கிளில் ஆரம்பித்தது. எங்கள் தெருப் பையன்கள் பபிள்கம் பொட்டலத்தில் வரும் ஆட்டக்காரர் அட்டையைச் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் நீட்டி, துணிக் கிளிப்பால் மாட்டிவிடுவார்கள். மிதித்தால் மோட்டார் மாதிரி படபடவென்று சத்தம் வரும். யாருடைய அட்டையை மாட்டுவது என்பதில் ஒரு கணக்கு இருந்தது. அந்த வருஷம் புதிதாக வந்தவனுடையதை ஒருத்தனும் மாட்ட மாட்டான். அவன் நாளைக்குப் பெரிய ஆளாகலாம், அதனால் ஷூ டப்பாவுக்குள் பத்திரமாகப் போய்விடும். பல வருஷம் ஆடி ஓய்ந்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்தவன்தான் சக்கரத்துக்குப் போவான்.

ஒருநாள் வெர்னா நடுத்தெருவில் ரூடியின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாருடா இது, கம்பில மாட்டி அடி வாங்குறது?"

"யாரோ கிழவன்மா. இந்த வருஷத்தோட அவன் கதை முடிஞ்சுது."

"கிழவனா? என் வயசுடா அவனுக்கு! எடு வெளிய."

அந்த மனிதர் முகம் பாதி கிழிந்து வந்தார். வெர்னா அவரை சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்தாள். மறுநாள் ரூடியின் ஷூ டப்பாவில், பெரிய பையன்களிடம் வாங்கிச் சேர்த்த பழசுகளைக் கிளறி, அதே மனிதர் புதிதாக வந்த வருஷத்து அட்டையைக் கண்டுபிடித்து, பக்கத்தில் வைத்தாள். மெலிந்த கழுத்து, தொப்பிக்குள் அடங்காத முடி, பயமும் சிரிப்புமாக ஒரு பையன். அவனே பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கிழிந்த முகம். சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"டெஸ்ஸி, இங்க பாருடி. இவனத்தான் தங்கமா வைக்கிறானுங்க, இவனையேதான் சக்கரத்துல மாட்டுறானுங்க."

அதிலிருந்துதான் அவளுடைய ஆல்பம் பிறந்தது. மற்றவர்கள் சேர்ப்பது போல் அவள் சேர்க்கவில்லை. எங்கள் ஊர் மைதானத்தில் ஆடி, இங்கிருந்து பெரிய லீக்குக்குப் போனவர்கள் மட்டும்தான் அவளுக்கு வேண்டும். எங்களுடையது சின்ன லீக் அணி. பையன்கள் வருவார்கள், ஒரு கோடை முழுக்க வாடகை அறையில் தங்கி ஹாட் டாக் தின்று வாழ்வார்கள், பெரும்பாலோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். எப்போதாவது ஒருவனை மேலே கூப்பிடுவார்கள். அப்படிப் போன ஒவ்வொருவருக்கும் வெர்னாவின் ஆல்பத்தில் எதிரெதிராக இரண்டு பக்கம் உண்டு. இடது பக்கம் புதுமுகமாக வந்த அட்டை, வலது பக்கம் கடைசி வருஷத்து அட்டை. நடுவில் வந்த அட்டைகளை ரூடியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள்.

அட்டைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பஸ் ஷெட்டில் ஒருத்தனிடம், ஊரே தேடிக்கொண்டிருந்த பளபளப்பான ஒரு புதுமுக அட்டையைக் கொடுத்துவிட்டு, யாரும் சீண்டாத மூன்று வழுக்கைத் தலைகளை வாங்கி வந்தாள். "உன்ன ஏமாத்திட்டான் வெர்னா" என்று ஷெட்டே சிரித்தது. "அவன்தான் ஏமாந்தான். என் மூணு பேரும் சேந்து எத்தன வருஷம் ஆடியிருக்காங்க தெரியுமா?" என்றாள் அவள். சிரித்தவர்களில் பாதிப் பேர் சர்ச்சில் நடக்கும் பழைய சாமான் விற்பனையில் அட்டை டப்பா கிடைத்தால் அவளுக்கென்று எடுத்து வைப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் படிக்க வராது. வெர்னா அட்டையில் பெயர் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் மறைத்து, "யாரு, சொல்லு" என்பாள். சொல்லிவிடுவேன். மூக்கு இறங்கும், முடி உதிரும், கன்னம் தொங்கும். காது மட்டும் மாறாது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஆல்பத்தில் ஒரே ஒருவருடைய பக்கங்கள்தான் காலி. ஓரன் டகெட்டினுடையவை.

ஓரன் எங்கள் மைதானத்தில் புல் வெட்டுகிறவன். வெஸ்ட் வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரன். இளைஞனாக இங்கே வந்து பந்து எறிந்தான், நன்றாகவே எறிந்தான். இவனையும் இவனுடைய அறைத் தோழன் லைல் பிராண்ட்னரையும் ஒரே நாளில் பெரிய லீக் கூப்பிட்டது. ஃப்ளோரிடாவில் வசந்தகாலப் பயிற்சியின்போது அட்டைக் கம்பெனிப் படக்காரன் வந்திருக்கிறான். பையன்களுக்கு விளையாட்டுப் புத்தி. படக்காரனுக்கு யார் யாரென்று எங்கே தெரியும்? சட்டையைப் பார்த்துத்தானே பெயர் எழுதுவான்? ஓரன் சட்டையை லைலும், லைல் சட்டையை ஓரனும் போட்டுக்கொண்டு நின்றார்கள். வருஷா வருஷம் புது அட்டை வரத்தானே போகிறது, அடுத்த வருஷம் ஒழுங்காக நின்றால் போயிற்று என்று நினைத்தார்கள்.

ஓரனுக்கு அடுத்த வருஷம் வரவில்லை. கோடை முடிவதற்குள் தோள் போய்விட்டது. லைலுக்கு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும், கிருதா நரைக்கும் வரை வந்துகொண்டே இருந்தது. லைல் பெரிய பெயர் எடுக்க எடுக்க, அவன் புதுமுக அட்டைக்கு அடிதடி. அந்த அட்டையில் இருப்பதோ ஓரனின் முகம். ஓரன் என்று பெயர் போட்ட அட்டை ஒன்றே ஒன்றுதான், அதில் லைலின் முகம். அதை யாரும் சீண்டுவதில்லை.

வெர்னாவிடம் இரண்டு அட்டையும் இருந்தன. ஆனால் பிஸ்கட் டின்னில் இருந்தன; லைலுக்கு இடது பக்கம் அடுத்த வருஷத்து அட்டையை வைத்திருந்தாள். ஆல்பத்தில் வைக்கட்டுமா என்று முன்பே ஒருமுறை ஓரனிடம் கேட்டு, அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பக்கத்தை மட்டும் விட்டு வைத்தாள்.

போன வசந்தகாலத்தில் மைதானத்துக்கு ஆண்டு விழா வந்தது. அணி அலுவலகத்திலிருந்து ட்ரெவர் என்ற பையன் வந்தான். நல்ல பையன்தான், பேச்சுத்தான் கொஞ்சம் வேகம்.

"மிஸ்ஸஸ் சபோல், முதல் ஆட்டத்தன்னிக்கு உங்க ஆல்பத்த வாசல்லயே கண்ணாடிப் பெட்டில வைக்கிறோம். ஒவ்வொரு பக்கமா விரிச்சு. வர்றவங்க எல்லாரும் பாக்கற மாதிரி."

வெர்னா முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் போனதும் சமையலறைத் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவளுக்கு சந்தோஷம் வந்தால் தரைக்குத்தான் கேடு. இத்தனை வருஷம் சமையல் மேசையில் கிடந்த மனிதர்கள், அவர்கள் ஆடிய மைதானத்துக்கே திரும்பிப் போகப் போகிறார்கள். அதைவிடப் பெரிதாக அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் ட்ரெவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான். "அந்தச் சட்டை மாத்துன கதைதான் சூப்பர். அந்த ரெண்டையும் நடுவுல வச்சிடலாம்."

"ஓரனக் கேக்கணும்" என்றாள் வெர்னா.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சர்ச் மண்டபத்தில் மீன் பொரிப்பார்கள். ஓரன் எப்போதும் கடைசி மேசையில் தனியாக உட்காருவான். வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தாள். நானும் என் முட்டைக்கோஸ் சாலட் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் மீனைப் பிட்டுக்கொண்டே இருந்தான்.

"வேணாம் வெர்னா."

"எல்லாரும் இருக்காங்க ஓரன். நீ மட்டும் இல்லாம எப்படி?"

"நான் இல்லாமயே இத்தன வருஷம் ஓடலயா? அத வாசல்ல வச்சியோ, காலைல பின் வாசல் வழியா வந்து புல்ல வெட்டிட்டுப் போயிடுவேன். ஆட்டம் பாக்க வரமாட்டேன். எந்த ஆட்டத்துக்கும்."

"அட, கோவத்தப் பாரு. மீன் என்னப்பா பண்ணுச்சு, அதப் போய் அந்தப் பாடு படுத்துற?" என்றேன் நான். அவன் சிரிக்கவில்லை.

வெர்னா ட்ரெவருக்கு ஃபோன் போட்டு, ஓரன் சம்மதிக்கவில்லை என்றாள். "ஒரு ஆளுதானே, அந்தப் பக்கத்த எடுத்துட்டா போச்சு" என்றான் அவன். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது அவள் குரல்.

"தம்பி, இங்க ஆடிட்டுப் போனவங்க எல்லாரும் அதுல இருக்காங்க. ஒருத்தன உருவி எடுத்துட்டு மத்தவங்கள வைக்கிற ஆல்பம் என்கிட்ட இல்ல. அவன் வந்தா எல்லாரும் வருவாங்க. இல்லன்னா யாரும் வரல."

இப்படித் தன் ஆசையைத் தானே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? கொலம்பஸ் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அட்டைச் சந்தை நடக்கிறது, லைல் பிராண்ட்னர் வந்து கையெழுத்துப் போடுகிறான் என்று கேள்விப்பட்டு, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அவன்கிட்டப் போய் என்னடி கேக்கப் போற?"

"தெரியல. போற வழில யோசிக்கலாம்."

வழியில் யோசிக்கவில்லை, ரேடியோ கேட்டாள்.

ஹோட்டல் மண்டபம் முழுக்க மேசைகள், மேசை முழுக்கக் கண்ணாடித்தாள் உறைகள், உறைக்குள் அட்டைகள். லைல் முன்னால் பாம்பு மாதிரி வரிசை. வரிசையில் நின்ற அத்தனை பேர் கையிலும் ஓரனின் முகம். எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. எங்கள் ஊரில் புல் வெட்டுகிறவன் முகத்தை இத்தனை பேர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவருக்கும் அவனைத் தெரியாது.

லைல் பருத்திருந்தான். முழங்காலை நீட்டி வைத்திருந்தான். அதே காது. எங்கள் முறை வந்ததும், தலையைத் தூக்காமலே கையை நீட்டினான். வெர்னா ஓரன் பெயர் போட்ட அட்டையை வைத்தாள். பேனா நின்றுவிட்டது.

"அம்மா, இத எங்கிட்ட யாரும் கொண்டு வந்ததே இல்லயே."

"உங்க மூஞ்சிதானே?"

"என் மூஞ்சிதான்!" என்று சத்தமாகச் சிரித்தான். "இத்தன வருஷமா அவன் மூக்கு மேலயே கையெழுத்துப் போட்டுட்டிருக்கேன். என் முதல் அட்டைல நான் இல்லம்மா. எங்க இருக்கான் அந்த டகெட் பய?"

"எங்க மைதானத்துல புல் வெட்டுறான். அவ்வளவு ஒழுங்கா இந்த மாநிலத்துல யாரும் வெட்ட மாட்டாங்க."

லைல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னால் நின்றவன் செருமினான். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், செருமல் நின்றது.

"அது என் வேலைம்மா. அவன் வேணாம்னான். நாந்தான் அவன் சட்டைய உருவிப் போட்டுக்கிட்டேன். சின்ன சைஸு, கைய மேல தூக்க முடியல."

அப்புறம் அட்டையின் அடியில் எதையோ எழுதினான். வெளியே வந்ததும் வெர்னா எனக்குப் படித்துக் காட்டினாள்: "முகம் என்னுது, இடம் உன்னுது. லைல்."

மறுநாளே மைதானத்துக்குப் போனோம். ஓரன் பந்து எறியும் மேட்டுக்கு மண் போட்டுக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தான். வெர்னா அட்டையை நீட்டினாள். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். சிரித்தான்.

"தன் வேலைன்னு சொன்னானா? பொய் சொல்றான். சட்டைய மாத்துவோம்னு சொன்னதே நான்தான். அவன் பாவம், பயந்தாங்கொள்ளி." அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "லைல் நல்லவன். ஆனாலும் வேணாம் வெர்னா."

"இன்னும் என்னய்யா உனக்கு?" என்றேன். வெர்னா என் முழங்கையில் இடித்தாள். அவள் கேட்க மாட்டாள், காத்திருப்பாள். பஸ்ஸில் அழும் பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டை வந்துடுச்சுன்னதும் தெருப் பசங்க கம் பொட்டலத்த எல்லாம் பிரிக்கச் சொல்லித் தேடியிருக்கா. மூஞ்சியப் பாத்துத் தேடியிருக்கா. கெடச்சிடுச்சு. அடுப்புக்கு மேல ஆணி அடிச்சு மாட்டிட்டா. தோள் போயி நான் வீட்டுக்கு வந்து நிக்கிறேன், சமையல்கட்டுல நான் மாட்டியிருக்கேன், கீழ லைல் பிராண்ட்னர்னு போட்டிருக்கு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் 'எம் மவனப் பாரு, எம் மவனப் பாரு'ன்னு காட்டுவா. அவங்க பேரப் படிச்சிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க. சாகற வரைக்கும் யாரும் அவகிட்டச் சொல்லல. நானும் சொல்லல. என் கூத்துக்கு எங்கம்மா கோமாளி ஆயிட்டா. அதப் போயி வாசல்ல வைக்கச் சொல்றீங்களா?"

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வெர்னா எவ்வளவு இடித்தாலும் சரி.

"யாருப்பா கோமாளி? இங்க பாரு. எனக்கும் ஒரு எழுத்து தெரியாது. உங்கம்மா காட்டினது யார? உன்ன. ஆணில மாட்டியிருந்தது யாரு? நீ. இதுல அவங்க எங்க ஏமாந்தாங்க? பேருதான் தப்பா வந்து ஒட்டிக்கிச்சு. உன் மூஞ்சிக்குக் கீழ யாரு பேரப் போட்டிருந்தாலும் அவங்க உன்னத்தான் மாட்டியிருப்பாங்க."

அவன் குனிந்து மேட்டு மண்ணைக் கையால் தடவினான். வெர்னாதான் கேட்டாள்.

"அந்த அட்டை இருக்கா ஓரன்?"

"இருக்கு. எங்க போகும்? நெத்திக்கு மேல, தொப்பில ஓட்டை. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு."

"அது போதும் எனக்கு."

"உனக்கா? மூலை கொஞ்சம் மழுங்கினா முகத்தத் திருப்பிக்கிற நீயா?"

"என் டின்னுல இருக்கறது கத்தி மாதிரி மூலையோட இருக்கு. யாரும் ஆசப்பட்டுத் தொடாததால அப்படி இருக்கு. ஓட்டை இருக்கறதத்தான் உனக்கு வைக்கணும். வைக்கணும்னா."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டைத் தட்ட ஆரம்பித்தான். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். ட்ரெவர் ஃபோன் செய்தபோதெல்லாம் வெர்னா "இல்ல தம்பி" என்றாள். அவன் கெஞ்சினான், கோபித்தான், காலிப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டான். "பூந்தொட்டி வை" என்றாள். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ சத்தமே இல்லாமல் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குறைக்கச் சொல்லித் தட்டிய சுவரில் கூட்டச் சொல்லித் தட்டினேன்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து அவள் என்னோடு சமையல் மேசையில் உட்கார்ந்தபோது ஓரன் வாசலில் நின்றான். முடி வெட்டியிருந்தான். சட்டைப் பையிலிருந்து, இரண்டு அட்டைப்பெட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்திருந்ததை எடுத்தான். பழுப்பேறி, ஓரமெல்லாம் நெளிந்து, வருஷக்கணக்கான பன்றிக் கொழுப்புப் புகை பிடித்த அட்டை. நடுவில் அவன், லைல் சட்டையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"எந்தப் பக்கம் வைக்கணும்?"

வெர்னா ஆல்பத்தை விரித்தாள். "மத்தவங்களுக்கு இடது பக்கம் முதல், வலது பக்கம் கடைசி. உனக்கு ரெண்டும் ஒரே வருஷம். நீயே சொல்லு."

அவன் லைல் எழுதிக்கொடுத்த அட்டையை வாங்கி இடது பக்கம் சொருகினான். அம்மாவின் அட்டையை வலது பக்கம் சொருகினான். சொருகத் தெரியாமல், ஓரம் மடங்கச் சொருகினான். வேறு யாராவது ஒரு அட்டையை அப்படிக் கசக்கியிருந்தால் வெர்னா கையிலேயே போட்டிருப்பாள். அன்றைக்கு எழுந்துபோய் முட்டைக்கோஸ் உருண்டைகளைச் சூடுபண்ணினாள்.

மறுநாள் நல்ல வெயில், ஆனால் காற்று குளிர். வாசலில் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்துகூட வந்திருந்தார்கள். வெர்னா தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வழுக்கைத் தலையையும் பெயர் சொல்லிக் காட்டினாள். புதுமுகங்களைப் பார்க்க வந்தவர்கள் வலது பக்கத்து முகங்களையும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இவளைத் தவிர யாரால் அது முடிந்திருக்கும்?

ஓரன் பின் வாசலுக்குப் போகவில்லை. சட்டையை உள்ளே செருகி, பெட்டிக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றான். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒரு அட்டை வியாபாரி குனிந்து பார்த்தவன், நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயையோ! பிராண்ட்னரோட புதுமுக அட்டைய எந்தப் புண்ணியவான் இப்படி ஆணி அடிச்சு வச்சான்?"

"புண்ணியவான் இல்ல. எங்கம்மா" என்றான் ஓரன். "அது பிராண்ட்னரும் இல்ல. நல்லாப் பாருங்க, நான்தான்."

அந்த ஆள் அட்டையையும் ஓரனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காதப் பாருய்யா" என்றேன் நான்.